பெயர் இல்லாத செய்தி

ஹட்டன் பஸ் நிலையத்தில் வாங்கிய தேங்காய் ரொட்டி சூடாக இருந்தது. சுற்றியிருந்த பத்திரிகைத் தாளிலிருந்து அச்சுமையின் வாசம் எழும்ப, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

குளிர்காற்று புகாதிருக்க அம்மா சுவரெல்லாம் பழைய பத்திரிகை ஒட்டியிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. சில பக்கங்கள் தலைகீழாக இருக்கும். நான் கழுத்தைச் சாய்த்துப் படிப்பேன்.

பத்தாம் வகுப்பில் ஊடகப் பாடம் படித்தேன். ஆளுக்கொரு செய்தியைக் கொண்டுவந்து, அதில் எது விடுபட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கிரிக்கெட், சினிமா என்று கொண்டுவந்தார்கள். நான் முந்தின வருடத்துச் செய்தி ஒன்றைக் கொண்டுபோனேன். தேயிலைக் கொழுந்து பறித்த பெண் தொழிலாளி குளவி கொட்டிப் பலி. தோட்டத்தின் பெயர் இருந்தது, வைத்தியசாலையின் பெயர்கூட இருந்தது.

"இதுல என்னம்மா இல்ல?" என்றார் டீச்சர்.

"எங்கம்மா பேரு இல்லீங்க டீச்சர்."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "நீயே எழுதும்மா" என்றார்.

எழுதினேன்: "மாரியாயி காலையில் மகளுக்கு ரொட்டி சுட்டு மூடி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைச் சாப்பிடும்போது, கீழ் லயத்திலிருந்து ஆள் ஓடி வந்தது."

பஸ்ஸில் உட்கார்ந்து தாளை விரித்தேன். எண்ணெய் ஊறிய மூலையில் போன வாரச் செய்தி. குளவி கொட்டிப் பெண் தொழிலாளி பலி. பெயர் இல்லை.

அந்தப் பெண் காலையில் தன் வீட்டில் என்ன சுட்டு மூடி வைத்திருந்தாரோ. ரொட்டியை மறுபடி அந்தத் தாளிலேயே மூடி வைத்தேன்.