ஷெர்ரி பாட்டிலில் நான் போட்ட பென்சில் கோடு

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த காய்கறியை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்க்கிற அம்மாவுக்குப் பிறந்தவள். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் பாலில் தண்ணீர், நெய்யில் டால்டா, மிளகில் பப்பாளி விதை என்று எதை எடுத்தாலும் முதலில் வருவது சந்தேகம்தான். அப்படிப்பட்டவளை மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஸ்டோர் பொறுப்பில் உட்கார வைத்தது ஓட்டல்காரர்களின் புத்திசாலித்தனம் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். அரிசி, பருப்பு, காய்கறி பார்க்கிற வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஸ்டோரின் பின்னறையில் இருந்த மதுபாட்டில்களும் என் பொறுப்பில்தான் இருந்தன. அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தார். அவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? ஒரு தடவை சிவப்பு ஒயின் பாட்டில் உடைந்து புடவையெல்லாம் கறை. பீட்ரூட் என்றேன். அம்மா முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு, "எந்த ஊர் பீட்ரூட்டுடி இப்படிப் புளிக்கும்?" என்றாள். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்தில் வந்து மூச்சை இழுப்பாள்.

சிற்பங்களைப் பார்க்க வருஷா வருஷம் மார்கழியில் ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டம் வரும். அவர்களுக்காக அவர்கள் நாட்டு ஒயினையே வரவழைக்கலாம் என்று மேனேஜர் முடிவெடுத்தார். பெட்டிகள் வந்து இறங்கின. எனக்குத் தலைவலி பிடித்தது. அரிசி மூட்டை என்றால் பொன்னியா, ஐ.ஆர் இருபதா என்று மேலேயே எழுதியிருக்கும். இந்த பாட்டில்களில் என்ன திராட்சை என்பதே பெரும்பாலும் இல்லை. ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருந்தது. உள்ளே இருப்பதைச் சொல்லாமல் ஊரை மட்டும் சொல்கிறவனை எப்படி நம்புவது?

பார்மேன்தான் விளக்கினார். கூடுவாஞ்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பயணிகள் கப்பலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா படுத்த படுக்கையானதால் ஊருக்குத் திரும்பியவர். அப்பா காலமான பிறகு மறுபடி கப்பலுக்குப் போவதுதான் அவருடைய ஒரே எண்ணம். அதற்கு ஓட்டலிலிருந்து ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும், இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பார்மேன் ரயிலில் செங்கல்பட்டு வந்து, நான் ஏறுகிற அதே திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் ஏறுவார். பாடமெல்லாம் அந்த பஸ்ஸில்தான் நடந்தது.

"ரியோஜா இல்ல மேடம், ரியோஹா. ஊரு பேரு தான் எல்லாமே. நம்மாளு சேலத்து மாம்பழம்னு சொல்றான்ல, அந்த மாதிரி."

ரியோஹாவின் சிவப்பு ஒயினை மரப்பீப்பாயில் வைத்து முதிர விடுவார்களாம். எவ்வளவு காலம் வைத்தார்கள் என்பதற்கு லேபிளில் தனித்தனிச் சொல் உண்டாம். மழை கொட்டுகிற வடமேற்குக் கடற்கரை கலீசியா. அங்கேயிருந்து வருகிற வெள்ளை ஒயினை இளசாகவே, மீனோடு குடித்துவிட வேண்டுமாம். பழையது உசத்தி என்றால் எல்லாமே பழையதுதானே உசத்தியாக இருக்க வேண்டும்? ஒன்றை வைத்திரு, இன்னொன்றைச் சீக்கிரம் காலி பண்ணு என்றால், சீக்கிரம் காலி பண்ணுவதில் யாருக்கோ ஆதாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தலையை ஆட்டிக்கொண்டேன், நம்பவில்லை.

தெற்கே ஹெரெஸ் என்ற வெயில் ஊரிலிருந்து வந்தது ஷெர்ரி. அதைப் பற்றி அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட நம்ப முடியாததாக இருந்தது. பீப்பாயில் ஒயினின் மேல் வெள்ளையாக ஆடை மாதிரி ஒன்று படருமாம். அதைப் பூ என்பார்களாம். அந்த ஆடைதான் காற்று படாமல் ஒயினை வெளிறிய நிறத்திலேயே காப்பாற்றுகிறதாம். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் அம்மா ஜாடியோடு தூக்கி எறிவாள். இங்கே அதற்குப் பெயர் வைத்து விலை போட்டு விற்கிறார்கள்!

"அந்தப் பூ இருக்கிற வரைக்கும்தான் மேடம் அதுக்கு காவலு. பாட்டில தொறந்துட்டா காவலு போச்சி. ஃப்ரிட்ஜுல வெச்சி ஒரு வாரத்துல முடிச்சிடணும்."

பார் ஃப்ரிட்ஜின் பூட்டு உடைந்து கிடந்தது. சமையலறை ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றார். பத்து பேர் கை வைக்கிற இடம் அது, முடியவே முடியாது என்றேன். எனக்கென்று ஒரு முறை இருந்தது. திறந்த பாட்டில் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாளை ஒரு கீற்றாக ஒட்டி, ஒயின் நிற்கிற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கையெழுத்திடுவேன். காலையில் வந்ததும் பாரிலிருந்து பாட்டில்களை வாங்கி, கோட்டைப் பார்த்து, ஸ்டோரில் பூட்டுவேன். சாயங்காலம் பார் திறக்கும் முன் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிப்பேன். ஸ்டோருக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகலில் உள்ளே நின்றால் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் புழுங்குவது தெரிந்தது, பாட்டிலுக்கும் புழுங்கும் என்று தோன்றவில்லை.

ஸ்பெயின் கூட்டம் ஊருக்குத் திரும்பிய பிறகு ஷெர்ரியை யாரும் சீண்டவில்லை. பங்குனியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கேட்டார்கள் என்று ஒரு பாட்டில் திறந்தது. பாதிக்கு மேல் மிச்சம். கோடு போட்டேன். அப்போது அது இளநீர் மாதிரி வெளிறி இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். சித்திரை முழுக்க தினமும் வந்தது, போனது. நான் கோட்டை மட்டும்தான் பார்ப்பேன். வைகாசி பிறந்த ஒரு காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றேன். உள்ளே இருந்தது பால் விடாத டீத்தண்ணி நிறம்.

மட்டம் கோட்டிலேயே இருந்தது, மயிரிழை குறையவில்லை. வேறு யாராக இருந்தாலும், அளவு சரி, யாரும் தொடவில்லை என்று போயிருப்பார்கள். எனக்கு அந்தச் சரியான அளவுதான் குற்றமாகப் பட்டது. குடித்தவன் கோடு வரைக்கும் டீ டிகாக்‌ஷனை ஊற்றி நிரப்பியிருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அன்று எனக்கு வந்தது கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது சந்தோஷம். இத்தனை வருஷச் சந்தேகத்துக்கு ஒரு திருடன் கிடைத்துவிட்டான்.

மேனேஜர் அறையில் பார்மேன் நின்றார். "டீயும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். காத்தும் சூடும் பட்டா இந்த ஒயினு இப்படித்தான் ஆவும். ஃப்ரிட்ஜுல வைக்கச் சொல்லி எத்தினி வாட்டி மேடத்தாண்ட கேட்டுகினு இருந்தேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாருங்க மேடம். டீயா இன்னான்னு உங்களுக்கே தெரியும்."

மடப்பள்ளிக்காரர் பெண்ணிடம் போய் மதுவை நாக்கில் வைக்கச் சொல்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேனேஜர் ஒரு மடக்கு குடித்தார். விஸ்கி தவிர வேறு ருசி அறியாத மனிதர். முகத்தைச் சுளித்து, கெட்ட ருசியாக இருக்கிறது, எதையோ கலந்திருக்கிறான் என்றார். வெள்ளை ஒயின் தானாக டீ நிறம் ஆகுமா என்று என்னைக் கேட்டார். ஆகாது சார் என்றேன். அந்த இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

"பனமரத்தடியில நின்னு பால் குடிச்சாலும் கள்ளுன்னு தான் சொல்லுவீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் அந்தப் பையையும் திறந்து சோதித்தார்கள். நான் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையும் போனது, சான்றிதழும் கிடைக்கவில்லை.

நான்கு வருஷம் ஓடியது. ஸ்டோருக்குப் புது பீரோ வந்தது. பூட்டு ஒன்று, சாவி ஒன்று, அது என் கைப்பையில். ஒரு பங்குனியில் சமையல்காரர் இறால் வறுவலில் ஊற்ற ஷெர்ரி வேண்டும் என்றார். அதே ஹெரெஸ் ஷெர்ரி. என் கையாலேயே திறந்து, ஒரு கரண்டி அளந்து கொடுத்து, தாள் ஒட்டி, கோடு போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். அப்புறம் அதை மறந்தே போனேன். ஆனியில் பீரோவைத் துடைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பால் விடாத டீத்தண்ணி நிறம். மட்டம் கோட்டில் அசையாமல் நின்றது.

முதலில் யார் திறந்தது என்றுதான் யோசித்தேன். பழகிய புத்தி அப்படி. பூட்டை ஆட்டிப் பார்த்தேன். வீட்டில் அம்மா சாவியை எடுத்திருப்பாளோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், வெட்கக்கேடு. சந்தேகப்பட ஆள் யாருமே மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் பார்மேன் அன்று நாக்கில் வைக்கச் சொன்ன அந்த ஒரு சொட்டு ஞாபகம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. புளிப்பு, உப்பு, நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிளின் வாசனை, தொண்டையில் லேசான எரிச்சல். டீ இல்லை. எந்த முட்டாளும் அதை டீ என்று சொல்ல மாட்டான்.

அவர் பஸ்ஸில் சொன்ன ஒவ்வொன்றும் அன்றைக்கு அடுத்தடுத்து ஞாபகம் வந்தது. பின்னறையில் போய்ப் பார்த்தால், சீக்கிரம் குடிக்க வேண்டிய கலீசியா வெள்ளையை நான் நான்கு வருஷத்துக்கு மேல் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் வீண். ஒயின் போனது போகட்டும். அந்த மனிதரின் கப்பலை நான் கவிழ்த்துவிட்டேனே என்று ஸ்டோர் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மேனேஜரிடம் இரண்டு பாட்டில்களைக் கொண்டுபோய்க் காட்டினேன், ஒன்று பழுத்தது, ஒன்று புதிதாகத் திறந்தது. அவர் சிரித்தார். "இதை வெளியே சொல்லாதீங்கம்மா. இப்ப உங்களைத்தான் சந்தேகப்படுவாங்க" என்றார். எழுதித் தராவிட்டால் வேலையை விடுகிறேன் என்றேன். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. மூன்று நாள் கழித்து, பார்மேன்மீது எந்தக் குற்றமும் இல்லை, தவறு ஓட்டலுடையது என்று கடிதமும் சான்றிதழும் கையெழுத்தாகி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அவருடைய மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் தண்ணீரைத் தொடாமல், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அத்தனையையும் தப்பும் தவறுமாகக் கொட்டினேன். மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். ஒரு நாளும் நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

கடிதத்தை நின்றபடியே படித்தார். "எனக்குத் தெரிஞ்சதத் தானே மேடம் எழுதிகினு வந்து கீறீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கப்பலுக்கு இனிமேல் வயசு இல்லை என்றார். கடிதத்தை மடிக்காமல் மனைவியிடம் நீட்டினார்.

அந்த அம்மா அதை மெதுவாக, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலேயிருந்து தொடங்கினார். அப்புறம் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"அப்போ நெஜமாவே நீ குடிக்கலயா?"

அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கிப் போனார். அவரை நம்பாத இரண்டு பெண்கள் மட்டும் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.