தறிகள் நின்ற நாளில் கேட்ட சத்தம்

திருப்பதியில் ஒரு புத்தகக் கடையில் குழந்தைகள் செக்‌ஷனைப் பல வருடம் பார்த்தவன் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்.

1. முதல் புத்தகம்

புத்தூரில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர், மகள் லாவண்யாவுடன் வந்தார். எட்டு வயது இருக்கும்.

"மிசினு புக்கு எதுனா குடுங்க சார். வூட்ல எல்லாத்தையும் கழட்டிப் போட்டுக்கினு உக்காந்திருக்கா."

வழக்கம்போல ராக்கெட், ரோபோ என்று கலர் கலராக எடுத்துப் போட்டேன். அவள் தள்ளிவிட்டாள்.

"மாமா, இதுல உள்ள காட்டவே இல்ல."

மிசினைக் குறுக்கே அறுத்து உள்ளே காட்டும் படங்கள் கொண்ட தடி ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. தெலுங்கு மீடியம் பெண், எழுத்தைப் பார்க்கவே இல்லை. அம்புக்குறிகளை விரலால் தடவிக்கொண்டே போய், காற்று பம்ப் படத்தில் நின்றாள்.

"மிசினு நின்னு போறதுக்கு முன்னாடி எப்படி சத்தம் போடும்? அது எந்த புக்குல இருக்குது?"

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன்.

"இவ அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சி சார்" என்றார் அப்பா. "ஆக்சிஜன் மிசினு ஓடிக்கினே இருக்குது. இவ அதும்மேல காத வச்சிக்கினுதான் தூங்குறா."

2. பூஜைக்குப் பிறகு

ஆயுத பூஜை முடிந்து மறுபடி வந்தார்கள்.

"தறிங்கள நிறுத்தி சந்தனம் குங்குமம் வச்சோம் சார். ஆக்சிஜன் மிசினும் நமக்கு சாமிதானே? அத ஓட வுட்டு, புதுத் துணி சுத்தி மாலை போட்டோம். தெருவே கம்முனு இருந்திச்சி. கும்பிட்டுக்கினு இருக்கறப்போ இவ எழுந்து துணி, மாலை எல்லாத்தையும் பிச்சி எறிஞ்சிட்டா. ஓங்கி அறைஞ்சேன். அப்புறந்தான் இவ அம்மா மூஞ்சப் பாத்தேன். உதடெல்லாம் நீலம்."

அவர் அழுதுவிட்டார். லாவண்யா அழவில்லை.

"காத்து உள்ள போற எடத்த துணி அடைச்சிக்கிச்சி மாமா. மிசினு முக்கிச்சி. புக்குல அங்கதான் அம்பு போட்டிருந்திச்சி."

நான் கொடுத்த புத்தகம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னைக்கு எந்த மிசினு பாப்பா?" என்றேன்.

"அம்மாவ உள்ள காட்டற புக்கு."

"எதுக்கும்மா?"

"மிசினு சரியா ஓடுது. அம்மா உள்ளதான் சத்தம் மாறிக்கினே வருது."

உடல் உறுப்புகள் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நுரையீரல் படத்தைத் திறந்து அதன்மேல் காதை வைத்தாள். அவள் முகம் மாறியது. "இவ அம்மாவ நேரா ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கினு போங்க" என்று அப்பாவைத் துரத்தினேன்.

பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டுப் புத்தகம் எடுப்பதை அன்றோடு விட்டேன். நீங்களும் முதலில் கேளுங்கள், வீட்டில் என்ன மிசின் ஓடுகிறது என்று.