கொடிக்கயிறும் ஒரு பறக்கும் உதையும்

சில ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் ஜொகூரில் மாநிலத் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும். பண்டார் தெங்காராவில் எங்கள் வீடமைப்புப் பகுதிக்குள் நுழையும் முச்சந்தியில், சின்ன வயதிலிருந்து என்னோடு வளர்ந்த நண்பனை நான் பறந்து உதைத்தேன். பறந்து என்று எழுதுவதில் மிகையில்லை. நாற்பத்தாறு வயது, தொப்பை, தினமும் இரத்த அழுத்த மாத்திரை. இவ்வளவையும் சுமந்துகொண்டு இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பியதை நான்கு பேர் பார்த்தார்கள்.

அந்த உதையை எங்கே கற்றேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இருவரின் அப்பாக்களும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். சனிக்கிழமைகளில் தோட்ட மண்டபத்தில் வீடியோ டேப் வாடகைக்கு எடுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் ஹாங்காங் சண்டைப் படங்கள். பேசுவது ஒன்றும் புரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். புரிந்துதான் என்ன ஆகப்போகிறது? குருவைக் கொன்றவனைச் சீடன் தேடிப் போய் அடிப்பான், அவ்வளவுதான் கதை. படம் முடிந்ததும் நாங்கள் இருவரும் வெளியே மணலில் அதே சண்டையைப் போடுவோம். நான் எப்போதும் கதாநாயகன். அவன் எப்போதும் வில்லன். நான் அதிகாரம் செய்து அப்படி வைக்கவில்லை. எனக்கு உதைக்க வரும், அவனுக்கு விழ வரும். கால் மேலே படாமலே நாலு உருள் உருண்டு, வாயில் மண்ணோடு எழுந்து, "இன்னொரு தடவ அடிடா" என்பான். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

பிறகு நான் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். பழுப்புப் பட்டையோடு நின்றுவிட்டேன். ஊரில் கறுப்புப் பட்டை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். ஒருநாளும் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

பெரியவர்களான பின் எங்களைப் பிடித்துக்கொண்டது கால்பந்து. மாநில அணியின் ஆட்டம் என்றால் மூன்று மணிக்கே என் பழைய காரில் கிளம்பிவிடுவோம். அவன் மனைவி கட்டிக்கொடுத்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், மடியில் இருக்கும். அரங்கத்தில் ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் அணியின் வண்ணத்தில் கழுத்துத் துணியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவோம். என் குரல் தவளைக் குரல். அவன் நன்றாகப் பாடுவான். அவன் அப்போது மோட்டார் சைக்கிளில் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவனுடைய கறுப்பு ஹெல்மெட்டின் பின்பக்கம் அணியின் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொடுத்தது நான்தான். கோணலாக ஒட்டிவிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினான். ஆனால் பிய்க்கவில்லை.

அரசியலுக்கு நான் கொள்கை பார்த்து வந்தவன் இல்லை. ஒரு கட்சிக்காரர் எங்கள் ரசிகர் கூட்டத்துக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தார். அடுத்த கட்சிக் கூட்டத்தில் என்னை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, "இவர்தான் நம்ம கராத்தே மாஸ்டர்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். வாழ்நாளில் என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்ன முதல் ஆள். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். அதன்பிறகு அந்தக் கட்சியை நான் ஆதரித்த விதம் மாநில அணியை ஆதரிக்கும் விதம்தான். எங்கள் அணியின் மாற்று கோல்கீப்பருக்கு எந்த முழங்காலில் வலி என்பதுகூட எனக்குத் தெரியும். என் கட்சி எங்கள் ஊருக்கு என்ன செய்வதாகச் சொன்னது என்று கேட்டால் தெரியாது.

நண்பன் எதிர்க்கட்சிப் பக்கம் போனான். அவன் தெருவில் கால்வாய் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது வந்து பார்த்தவர்கள் அவர்கள்தான். அவனிடம் ஒரு காரணமாவது இருந்தது.

முதலில் கிண்டலாகத்தான் போனது. "உங்க ஆளு பெனால்டி அடிச்சா பந்து சிங்கப்பூர்ல போய் விழும் லா" என்று எங்கள் வேட்பாளரைப் பற்றிச் சொல்வான். நானும் பதிலுக்குச் சொல்வேன். பிரசாரம் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வராமல் போய்விட்டது. ரசிகர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் அவனைத் துரோகி என்று எழுதினேன். அறுபது பேர் படித்தார்கள். அவன் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு மட்டும் அனுப்பினான்.

"டேய், கட்சி என்னா நம்ம டீமாடா? தோத்தாலும் ஜெயிச்சாலும் கத்திக்கிட்டே இருக்கறதுக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பேசு லா."

நான் யோசிக்கவில்லை. அவன் பயந்துவிட்டான் என்று எங்கள் தேர்தல் நடவடிக்கை அறையில் அதைப் போட்டுக் காட்டிச் சிரித்தேன்.

அந்த வாரம் முச்சந்தியில் நாங்கள் கட்டிய கொடிகள் இரண்டு முறை கீழே கிடந்தன. காற்றா, மழையா, ஆளா, யார் கண்டது? எதிர்க்கட்சிக்காரன்தான் பிடுங்குகிறான் என்று அறையில் முடிவு செய்துவிட்டார்கள். காவலுக்கு ஆள் போட்டார்கள். மாஸ்டர் என்பதால் தலைமை எனக்கு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த வாரம் முழுக்க நான் மகிழ்ச்சியாக இருந்தேன். சின்ன வயதில் பார்த்த படத்துக்குள் ஒருவழியாக நுழைந்துவிட்டது போல இருந்தது.

ஞாயிறு மாலை மழை விட்டதும் நானும் கட்சியாட்கள் மூன்று பேரும் காரில் சுற்றிக்கொண்டு வந்தோம். முச்சந்தியில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, எங்கள் கொடிகள் தொங்கும் கயிற்றை இழுத்துப் பிடித்துக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். எதிர்க்கட்சி டீ-சட்டை. தலையில் ஹெல்மெட். முதுகு எங்கள் பக்கம்.

காரை நிறுத்தி இறங்கினேன். கத்திக் கூப்பிட்டிருக்கலாம். நடந்து போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். ஓடினேன். ஏழெட்டு அடி ஓடி, பக்கவாட்டில் எழும்பி, வலது காலை நீட்டினேன். படத்தில் வரும் அந்த "விஷ்" சத்தம் நிஜத்தில் வருவதில்லை. பொத்தென்று ஒரு சத்தம், பிறகு கால்வாய்க்குள் ஈரமாக இன்னொரு சத்தம். இடது தோள் சிமெண்டு விளிம்பில் மோதி அவன் உள்ளே விழுந்தான்.

"ஃபுயோ! மாஸ்டர், சூப்பர் லா!" என்று பின்னால் ஒருவன் கை தட்டினான்.

அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் எதிரே வாழைப்பழம் பொரித்து விற்கும் மலாய் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். எனக்குப் பைத்தியமா என்று மலாயில் கத்தினார். ஒரு பக்கக் கட்டு தளர்ந்து எங்கள் கொடிக்கயிறு சாலைக்குக் குறுக்கே, மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்து உயரத்தில் தொங்கியதாம். அரைமணி நேரத்துக்கு முன் ஒரு பெண் அதில் மாட்டி மயிரிழையில் தப்பினாராம். இவர்தான் இந்த ஆளை நிறுத்தி அறுத்துவிடச் சொன்னாராம். கத்தியும் இவருடையதுதான், வாழைப்பழம் சீவுகிற கத்தி. அந்தக் கயிறு என் கண் முன்னால்தான் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

கால்வாயில் என் நண்பன் எழுந்திருக்க முயன்றான். முடியவில்லை. எத்தனையோ முறை என் முன்னால் விழுந்தவன், எழுந்திருக்காமல் கிடந்தது அன்றைக்குத்தான்.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கூட வந்த மூன்று பேரும் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். வழியெல்லாம் இருபக்கமும் செம்பனை. அவன் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். கார் ஜன்னலில் செருகியிருந்த கட்சிக்கொடி காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது. அவன் வழியில் பேசியது ஒரே ஒரு வார்த்தை, "கொடிய கழட்டு. சத்தம் தாங்கல."

எப்படி அடிபட்டது என்று அங்கே கேட்டார்கள். லோங்காங்கில், அதாவது கால்வாயில், வழுக்கி விழுந்துவிட்டேன் என்றான். பிறகு போலீஸ்காரர் கேட்டபோதும் அதே பதில். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். என் வேலை போயிருக்கும். அவன் மனைவி வேலையிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நல்ல வேள நீங்க கூட இருந்தீங்க. இல்லன்னா இவர யாரு தூக்கிட்டு வந்திருப்பா?"

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"பின்னாலேர்ந்து பாத்தப்ப நான்தான்னு தெரிஞ்சுச்சா?"

"இல்லடா. ஹெல்மெட் போட்டிருந்தியா... சத்தியமா தெரியலடா மச்சான்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதோடு சரி. இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குத் தெரியும். ஓடத் தொடங்கிய இரண்டாவது அடியிலேயே தெரியும். ஹெல்மெட்டின் பின்னால் கோணலாக ஒட்டியிருந்த ஸ்டிக்கர் என் கண்ணில் பட்டது. நிற்பதற்கு இன்னும் ஐந்து அடி இருந்தது. நிற்கவில்லை. வேறு யாரோ என்று நினைத்து உதைத்திருந்தால் அது வெறும் தவறாகப் போயிருக்கும். அவன்தான் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. அவன் என்னை உதைக்காக ஒதுக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் படுக்கையில் கிடந்துகொண்டு அவன் ஒரே ஒரு உண்மையைக் கேட்டான், அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

தோளில் தகடு வைத்தார்கள். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. மோட்டார் சைக்கிளில் எல்லையைத் தாண்டிப் போகும் வேலை முடிந்துபோனது. இப்போது ஒரு கிடங்கின் வாசலில் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு ஒருமுறை அவன் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவன் மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. "அவரு தூங்கறாரு" என்றார், கேட்டைத் திறக்காமலே. அண்ணே என்று கூப்பிடவில்லை. உள்ளே தொலைக்காட்சியில் பந்தாட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. டின்னை மதில் மேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது.

என் கட்சி அந்தத் தேர்தலில் ஜெயித்தது. விருந்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கொடியைக் காத்த வீரன் என்று சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். பிறகு இன்னொரு தேர்தல் வந்தது. மேலே கணக்குகள் மாறின. இரண்டு கட்சிகளும் கைகோத்துக்கொண்டன. எங்கள் ஊர் நிகழ்ச்சி ஒன்றில் எங்கள் ஆளும் அவர்கள் ஆளும் ஒரே மேடையில் தோளோடு தோள் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கொடிகளும் ஒரே கயிற்றில் ஆடின. பழக்க தோஷம், நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்துதான் எதற்குக் கை தட்டினேன் என்பது உறைத்தது. நடவடிக்கை அறை வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்று வெளியேறினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தச் சண்டைப் படங்களை இப்போது தொலைக்காட்சியில் போட்டால் நான் பார்ப்பது கதாநாயகனை இல்லை. பின்னால் வரிசையில் நிற்பார்களே அடியாட்கள், அவர்களைத்தான். முதலாளி கண் காட்டியதும் கத்திக்கொண்டு ஓடுவார்கள். எதற்கு ஓடுகிறோம் என்று ஒருவனும் கேட்கமாட்டான். அவர்களுக்குப் பெயர்கூட இருக்காது. இத்தனை வருடமாக என்னை யார் என்று நினைத்து நான் அந்தப் படங்களைப் பார்த்தேனோ!

பந்தாட்டத்துக்கு இன்னும் போகிறேன், தனியாக. சில மாதங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பாட்டு தொடங்கியது. அரங்கம் முழுக்கக் கழுத்துத் துணிகள் தலைக்கு மேல் உயர்ந்தன. அவன் வலது கையால் ஒரு முனையைத் தூக்கினான். இடது கை தோள்வரை வந்து நின்றுவிட்டது. துணி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு மலாய்க்காரர், முன்பின் தெரியாதவர்தான், பாடிக்கொண்டே அந்த முனையை எடுத்துத் தன் துணியோடு சேர்த்து உயர்த்திப் பிடித்தார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்து பாடினான். குரல் அப்படியே இருந்தது.

அன்று எங்கள் அணி மூன்று கோல் போட்டதாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. நான் பிடித்திருக்க வேண்டிய முனையை வேறொருவர் பிடித்துக்கொண்டிருந்ததை மட்டும், ஒவ்வொரு முறை அந்தப் பாட்டு தொடங்கும்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.