சேலையூரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்

சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள். ஆனால் அங்கிருக்கும் பேக்கரியில் விசாரித்தால், அன்றைக்குக் கேக் ஒன்றும் கூடுதலாகப் போவதில்லை என்பார்கள். இந்த மர்மத்துக்குக் காரணம் வேதசிரோமணி.

ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி ஓலைக்கொட்டகையாக இருந்த நாளிலிருந்து அதன் ஆபீஸ் சூப்பிரண்டு அவர். ஒன்றாம் வகுப்பில் சேர ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளோ பொறுப்பில்லாமல் ஆகஸ்டிலும் நவம்பரிலும் பிறந்து தொலைக்கின்றன. வேதசிரோமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஜூன் ஒண்ணுன்னு போட்டுடறேன். புள்ளைக்கு ஒரு வருஷம் மிச்சம்" என்பார். பெற்றோர் கும்பிடுவார்கள். இதற்குக் காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் அவரைத் திட்டுவது சுலபமாக இருந்திருக்கும்.

அவருக்கும் அப்படி ஒரு வாத்தியார் பத்து மாதம் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார். அதனால் பத்து மாதம் முன்னதாகவே ஓய்வு பெறவேண்டியவர். அதற்காக வாத்தியாரை அவர் நொந்துகொண்டதில்லை.

1989 ஜூனில் பஷீரா அவர் முன்னால் வந்து நின்றாள். மேற்குத் தாம்பரத்துப் பெண். கணவர் அப்துல் ரசாக்குக்குப் பினாங்கில் மளிகைக் கடை. மகள் அக்தர் பேகம் அங்கே பிறந்ததால் அவளுக்கு மலேசியா பாஸ்போர்ட். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள பஷீரா மகளோடு வந்திருந்தாள். மகளுக்குக் கிடைத்திருந்தது சுற்றுலா விசா. அது மாதக் கடைசியோடு சரி. மாணவி விசா வாங்காவிட்டால் குழந்தை பினாங்குக்குத் திரும்பவேண்டும். அப்பாவை விட்டு பஷீராவால் நகர முடியாது.

விசா காட்டினால்தான் சேர்க்கை என்றது பள்ளி. சேர்க்கையைக் காட்டினால்தான் விசா என்றது நகரத்திலிருந்த விசா அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் மின்சார ரயில் ஓடியது. அதில் பஷீரா ஓடினாள். கடைசியில் வேதசிரோமணிதான் மனமிரங்கி ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, 'எங்கள் மாணவி' என்று சான்றிதழும் கொடுத்தார். இரக்கம் பொங்கி வழிந்ததில் கூடவே ஜூன் ஒன்றையும் கொடுத்துவிட்டார்.

மறுநாளே பஷீரா திரும்பி வந்தாள்.

"சார், பாஸ்போர்ட்ல செப்டம்பர்னு கீது. நீங்க ஜூன்னு எழுதிக்கிறீங்க. ரெண்டும் ஒரே புள்ளதானான்னு கேக்கறாங்க."

"பாஸ்போர்ட்டை மாத்திக்கயேன் தங்கச்சி. ஒரு அபிடவிட் போட்டா முடிஞ்சுது."

"அது மலேசியா கவர்மென்ட் குடுத்தது சார்."

"அவங்களுக்கு செப்டம்பர் மேல ஏன் இவ்ளோ பிடிவாதம்?"

"பிடிவாதம்லாம் இல்ல சார். அவ செப்டம்பர்லதான் பொறந்தா. நான் கூடவே இருந்தேன்."

இந்தச் சாட்சியத்தை வேதசிரோமணியால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் தான் எழுதிய தேதி செல்லாது என்று ஒருவர் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. நேரில் பேசிப் புரியவைக்கிறேன் என்று கிளம்பினார். குரோம்பேட்டை தாண்டும்வரை பள்ளிப் பதிவேட்டின் மகிமையைச் சொல்லிக்கொண்டே போனார். பஷீரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி யக்ஞநாராயணன் மரியாதையான மனிதர். அப்படிப்பட்டவர்களிடம்தான் பயம் அதிகம்.

"எது சார் சரி? சர்டிபிகேட்டா, பாஸ்போர்ட்டா?"

"ஸ்கூல் ரெக்கார்டுதான் சார். நம்ம நாட்டுல அதானே செல்லும்."

"அப்போ பாஸ்போர்ட் பொய்." அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். "பொய்யான பாஸ்போர்ட்ல இந்தம்மா குழந்தையைக் கூட்டிண்டு வந்திருக்கான்னு எழுதிடட்டுமா?"

பஷீரா வேதசிரோமணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. மறுபடி மறுபடி ரயிலேறி வந்த அலுப்புதான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் போட்டது சார்."

"எதை?"

"ஜூன் ஒண்ணை."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் போடறதுதான் சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "எனக்கும் ஒருத்தர் போட்டார். வர்ற மே மாசத்தோட ரிட்டயர் ஆறேன். நிஜ வயசுக்கு இன்னும் ஏழு மாசம் சர்வீஸ் இருக்கு."

"எனக்குப் பத்து மாசம் சார்" என்றார் வேதசிரோமணி.

இரண்டு ஜூன்காரர்களும் இழந்த மாதங்களுக்காக ஒருவரிடம் ஒருவர் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். பஷீராவுக்கு அதற்கு நேரமில்லை.

"சார், எம் பொண்ணுக்கு?"

"சரியான தேதி போட்டு வேற சர்டிபிகேட் கொண்டு வாங்கோ. மாசக் கடைசிக்குள்ள."

சரியான தேதி போட்டால் ஐந்து வயது நிரம்பவில்லை; ஒன்றாம் வகுப்பு கிடையாது. யு.கே.ஜி.தான். திரும்பும் ரயிலில் வேதசிரோமணி எதையோ பறிகொடுத்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வருஷம் வேஸ்டாப் போச்சே, தங்கச்சி."

"அவ வருஷம் சார். அவகிட்டயே இருக்கட்டும். எங்கூட இருந்தா போதும்."

அவர் கையால் முதன்முதலாக ஒரு செப்டம்பர் எழுதப்பட்டது. எழுதிவிட்டு, பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாராம். மாதம் முடிவதற்குள் விசா கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மட்டும்; அடுத்த ஜூனில் இத்தனை ரயிலும் மறுபடி ஏறவேண்டும்.

அந்த அடுத்த ஜூனும் வந்தது. அக்தர் பேகத்தை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, புதிய சான்றிதழுக்காக பஷீரா ஆபீஸில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் பொத்தேரியிலிருந்து வந்த ஒருவர், நவம்பரில் பிறந்த தன் மகனுக்காகக் கைகூப்பிக்கொண்டிருந்தார். வேதசிரோமணி பேனாவைத் திறந்தார். பஷீராவைப் பார்த்தார். பேனாவை மூடினார். நாலும் யோசித்தவராக நிமிர்ந்து கேட்டார்:

"பையனுக்கு பாஸ்போர்ட் கீஸ்போர்ட் எதுனா இருக்கா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"அப்ப கவலைய விடுங்க" என்று ஜூன் ஒன்று போட்டார்.