கோடு போட்டு அடித்த சொல்

வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மாமாவுக்கு வாய் ஓயாது. அம்மாவின் ஒரே தம்பி. ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத்தில் குமாஸ்தா. மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு ஆபத்து என்று தினமும் மாலை நான்கு மணிக்குள் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி அனுப்பவேண்டும். இருபத்தாறு வருடம் அதுதான் அவர் பிழைப்பு.

அதில் வாய்க்கு வந்ததை எழுதிவிட முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு. தெருவில் தண்ணீர் தேங்கும், வாட்டர்லாகிங் என்று போட்டால் பம்பு மட்டும் வரும். ஃப்ளட்டிங் என்றால் மணல் மூட்டை வரும். இனன்டேஷன் என்றால் லாரி வந்து ஆட்களையே ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாடம் எடுப்பார்.

"ஃப்ளட்னா தண்ணி வீட்டுக்குள்ள வந்தது. இனன்டேஷன்னா வீடே தண்ணிக்குள்ள போனது. புரியுதா?"

"அப்ப டெல்யூஜ்?" என்பேன்.

"அது பிரளயம், கடவுள் கோவப்பட்டா வர்றது. எங்க ஆபீஸ்ல அதுக்கு ஃபாரம் இல்ல."

கடிதம் நிறைய வந்தாலும் இங்கிலீஷ்காரன் ஃப்ளட் என்பானாம். "கடுதாசிக்கு யாரு மணல் மூட்டை அடுக்குறது?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு வருடம் இனன்டேஷன் என்று எழுதினார். எட்டுத் தெருவைக் காலி செய்தார்கள். சனங்கள் மூட்டை முடிச்சோடு இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். வந்த தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. ஊரே கைகொட்டிச் சிரித்தது. "டெல்யூஜ் மாமா" என்று பெயர் வைத்தவள் நான்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, நாக்கு கொஞ்சம் நீளம். பெயர் எப்படியோ அவர் அலுவலகம்வரை போய்விட்டது. குடையோடு உள்ளே நுழைந்தால், "என்ன டெல்யூஜ், படகு கொண்டு வரலையா?" என்பார்களாம். அதை எங்களிடம் சொல்லி அவரும் சிரித்தார். நிஜமாகவே சிரிக்கிறார் என்று நம்பினேன், மக்கு.

அடுத்த வருடம் மூன்று நாள் விடாத மழை. இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். நாலேகாலுக்கு அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஆத்துச் சத்தமே ஒரு மாதிரி கேக்குதுடா. இவரை எதிர்த்த மாடி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடவா?"

"வேணாம்க்கா. வாட்டர்லாகிங்னுதான் போட்டிருக்கேன். முடியாத மனுஷனை ஏன் அலைக்கழிக்கிறே?"

ஆறு மணிக்குக் கட்டிலே முழுகிவிட்டது. அக்கம்பக்கத்து ஆட்கள் கதவைக் கழற்றி, அதில் அப்பாவைக் கிடத்தி, கழுத்தளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பதினெட்டாம் நாள் அப்பா போய்விட்டார்.

ஆறு திடீரென்று ஏறிவிட்டது என்று எழுதி அலுவலகத்தில் விஷயத்தை மூடிவிட்டார்கள். அம்மாவும் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை. யாராவது பேச்செடுத்தால், "அவன் என்ன ஆண்டவனா? அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று சண்டைக்குப் போவாள். மாமாதான் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாதி ஆளாகியிருந்தார். பழுப்பு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அவர் எதையும் முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் டைப் செய்வார்; இது வெள்ளத்தன்று எழுதிய தாள்.

"அக்கா, நீயே பாரு. முதல்ல நான் சரியாத்தான் எழுதினேன்."

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னாள். எங்கள் தெருவின் பெயருக்கு நேராக இனன்டேஷன் என்று இருந்தது, கோடு போட்டு அடித்திருந்தது. அதன் கீழே ஃப்ளட்டிங், அதையும் அடித்திருந்தது. அதற்கும் கீழே வாட்டர்லாகிங்.

அம்மா அடித்த கோடுகளின்மேல் விரலை ஓட்டினாள்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்குடா" என்றாள்.

மாமாவின் முகம் செத்துப்போனது. மன்னிப்புக் கிடைக்கும் என்று எதைக் கொண்டுவந்தாரோ, அதுவே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"தெரியும்க்கா. போன தடவை மாதிரி ஆயிட்டா மறுபடி சிரிப்பாங்களேன்னு..."

"யாரு சிரிப்பா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆபீஸ்லக்கா" என்றார்.

நான் தாளை மடித்து உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன்.