எங்கள் வரிசையில் நோயாளிகள் இல்லை

இலவசம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ரயில் வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான பிரிக்ஃபீல்ட்ஸ் லயத்துக்குக் குடிவந்த அன்று எங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுத்தார்கள். கெட்டியான மஞ்சள் அட்டை. என் வேலை நம்பரும் என் மனைவியின் பெயரும் அதில் இருந்தன. அதைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் காசில்லாமல் வைத்தியம் பார்ப்பார்கள் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொன்னார். எதற்காக அப்படிப் பார்க்கவேண்டும் என்று நான் யோசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு வாய் திறப்பதே பெரிய வேலை. சீட்டைத் துணிப்பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன். இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

மனைவியின் கால்தான் அதை வெளியே எடுக்கவைத்தது. குழாயடியில் கிடந்த துருப்பிடித்த தகரம் கிழித்த சின்னக் காயம். மஞ்சள் அரைத்து வைத்தோம், பச்சிலை வைத்தோம். காயம் புண்ணாகி உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் நான் பெட்டியைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர் புண்ணைக் கழுவினார். நான் மருந்துப் புட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"அண்ணே, அது குடிக்கிற மருந்து இல்ல. கீழ வைங்க" என்றார்.

பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றவேண்டும், தோல் முழுவதும் மூடும்வரை விடக்கூடாது, நடுவில் விட்டால் எலும்புக்கு இறங்கிவிடும், அப்புறம் காலையே எடுக்கவேண்டி வரும் என்று நிதானமாகச் சொன்னார். போனோம். ஒவ்வொரு முறையும் வாசலில் யாராவது கையை நீட்டுவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரும் நீட்டவில்லை. புண் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் விலை விழுந்து எல்லா இடத்திலும் ஆள் குறைத்தார்கள். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஊருக்கே திரும்பக் கப்பலேற்றி அனுப்பினார்கள். நான் வேலை பார்த்த ரயில் சரக்குக் கொட்டகையில் வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. யார் எந்தத் தாளை எடுத்து வந்தாலும் அது கப்பலுக்குப் பெயர் எழுதும் தாள் என்று நாங்கள் நினைத்த காலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் லயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, குடை. எங்களோடு அதிகம் பேசாதவர். வீடு வீடாக நின்று ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்.

அவர் எங்கள் வாசலுக்கு வருமுன் பக்கத்து வீட்டுக்காரன் வேலிப்பக்கமாக வந்தான். ரயில் பெட்டிகளைக் கோக்கும் வேலை அவனுக்கு.

"சீக்காளிங்க பேரு எழுதுறாங்களாம் அண்ணே. புண்ணு இருக்கிறவங்கள சுங்கை பூலோ அனுப்பிடுவாங்க. மத்தவங்களுக்குக் கப்பலு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கிராணி ஞாயித்துக்கிழமை சும்மா வெயில்ல அலைவாரா லா?"

எனக்கு அது சரியாகப் பட்டது. சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்காகத் தனி ஊரே கட்டியிருந்தார்கள். புண் என்றால் எந்தப் புண் என்று யார் விசாரிக்கப் போகிறார்கள்? சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்காரும்படி மனைவியிடம் சொன்னேன்.

கிராணி வந்தார். "குடும்பங்களுக்குச் சீட்டுத் தேவையோ எண்டு மேல இருந்து கேக்கினம். உம்மட வீட்டிலை ஆஸ்பத்திரிக்குப் போற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"எங்க வீட்ல யாருக்கும் ஒன்னுமில்லைங்க ஐயா."

அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்தார். பின்னால் கொடியில், அன்று விடியற்காலை துவைத்த கட்டுத்துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"அது என்ன?"

"பழைய வேட்டிங்க. கிழிச்சுப் போட்டிருக்கு."

அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே குழந்தை இருமுவது எங்களுக்கே கேட்டது. "தண்ணி புரையேறிடுச்சுங்க" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். அன்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் நோய் இல்லை. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று பேசிச் சிரித்தோம்.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டகைச் சுவரில் தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் படிக்கச் சொன்னார்கள். எங்கள் லயத்துக் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு தேவைப்படவில்லை என்று தெரிகிறபடியால், வருகிற மாதத்திலிருந்து சீட்டு வேலையாளுக்கு மட்டுமே செல்லும் என்று இருந்தது. நம்பாமல் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்கள்.

"கிராணி செஞ்ச வேலை" என்றார்கள். நானும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன்.

மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அவரு என்ன செஞ்சாரு? நீங்க சொன்னதத்தான எழுதுனாரு. இப்ப என் கால என்ன செய்யப் போறீங்க?"

புண் இன்னும் எட்டணாக் காசு அளவுக்குத் திறந்திருந்தது. நகரத்தில் பணம் வாங்கிக்கொண்டு பார்க்கும் டாக்டரிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் போவது என் நான்கு நாள் சம்பளத்தில் நடக்காது. அடுத்த மாதம் பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கிராணியின் வீட்டு வாசலை நான் மூன்று முறை கடந்து போனேன். நான்காம் முறை மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தி, அவளே கூப்பிட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

"தெரியும். துணி காயிறதைக் கண்டனான்" என்றார் கிராணி.

"அப்ப ஏன் ஐயா எழுதல?" என்று கேட்டேன்.

"நீர் இல்லை எண்டு சொல்ல, நான் இருக்கு எண்டு எழுதினால் நாளைக்கு என்னைத்தானே திட்டுவியள்? இப்பவும் திட்டுறியள்தானே."

எனக்குக் காது சுட்டது. அவர் ஒரு மனு எழுதித் தர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு வீட்டுக்காக மேலே யாரும் முடிவை மாற்றமாட்டார்கள், லயம் முழுவதும் நோயாளிகளின் பெயரோடு கையெழுத்து வைக்கவேண்டும், வாங்கி வருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அவர் எழுதிய தாளை நான் அங்கேயே மூன்று முறை படித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

"பின்னாலை கப்பல் ஒண்டும் இல்லை" என்றார்.

ஒரு வீட்டுக் கதவையும் தானாகத் தட்டியறியாதவன் நான். அந்தத் தாளோடு போய் நின்றபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கிராணியைப் பார்த்து நான் எப்படி நினைத்தேனோ அப்படியே என்னைப் பார்த்து நினைத்தார்கள்.

"உனக்கு இதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுக்காரன். "கிராணி வீட்டுக்குள்ள போயிட்டு வந்தியே, காப்பி கொடுத்தாரா?"

தாளை மடித்துக்கொண்டு திரும்பினேன். முதல் நாள் ஒரு கையெழுத்தும் கிடைக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் பிடிக்க எல்லாப் பெண்களும் கூடியிருந்த நேரத்தில் மனைவி குழாயடிக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். சேலையை முழங்கால்வரை ஏற்றிக் கட்டை அவிழ்த்தாள். நான் வெட்கத்தில் வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. என் பேரத்தான் முதல்ல எழுதியிருக்கு. சுங்கை பூலோ லோரி வந்தா நான்தான் முதல்ல ஏறுவேன். நீங்க கதவச் சாத்திக்குங்க. ஆனா உன் புள்ள மூணு மாசமா இருமுதேக்கா, அதுக்கும் தண்ணிதான் புரையேறுதா?"

யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் மனைவி சிரிக்கவில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து, "எழுதுங்கண்ணே, எம் புள்ள பேர" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் லயத்தின் ஒன்பது வீடுகளும் எழுதிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரன் கடைசியாக வந்தான். கைநாட்டு வைத்த விரலை நெடுநேரம் துணியில் தேய்த்துக்கொண்டே நின்றான்.

மனு போயிற்று. பதில் வரவில்லை. மாதம் பிறந்தது. கட்டு மாற்றவேண்டிய நாள் அது. பழைய சீட்டையே எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வழியிலேயே திரும்பிவிடலாம் என்றேன். அவள் நிற்கவில்லை.

வாசலில் இருந்தவர் சீட்டை வாங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். மேசையிலிருந்த ஒரு கடிதத்தை எடுத்து ஒப்பிட்டுவிட்டு முத்திரை குத்தினார். குடும்பங்களுக்கும் செல்லும் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் உத்தரவு வந்ததாம்.

"அடுத்த மாசமும் செல்லுங்களா?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"இப்போதைக்குச் செல்லும். மறுபடி யாராச்சும் வந்து கேட்டா, இருக்குன்னு சொல்லுங்க."

மனைவி அதற்குள் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.