ஐப்பசியில் பட்டின் எடை

தாமல் கிராமத்து முனுசாமியின் மகன் முனிரத்தினம் பி.எஸ்ஸி. தேறியபோது, அவன் தெருவில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனதில்லை. வேதியியல் படிப்பு. மெட்ராஸில் அரசாங்க விடுதியில் தங்கி, உதவித்தொகையில் படித்தான். பையன் பரீட்சை முடித்துவிட்டு வந்த மறுநாளே ஏதாவது ஆபீசிலிருந்து ஜீப் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்று முனுசாமி நம்பியிருந்தார். ஏரிப் பாசன வயல்களில் அடுத்தவர் நாற்றைச் சுமந்தே தலைமுடி கொட்டியவருக்கு வேறென்ன தெரியும்? ஜீப்பும் வரவில்லை, ஒரு கார்டுகூட வரவில்லை. இரண்டு வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நடந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்த அலுவலகத்துப் பலகையில்தான் ஒருநாள் அறிவிப்பைப் பார்த்தான். கூட்டுறவுக் கணக்கர் பயிற்சி, பத்து மாதம், மாதம் நாற்பது ரூபாய். வேதியியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தது. பற்று எது, வரவு எது என்பதை அங்கே புதிதாக, சின்னப் பிள்ளை மாதிரி கற்றுக்கொண்டான். கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருக்கும், மூச்சு விட்டால்கூட முள் அசையும். அதன் நினைப்பு வரும்போதெல்லாம் பேரேட்டுப் பக்கத்தைப் புரட்டி மனசை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கனாகச் சேர்ந்தான். சம்பளம் நூற்றிருபது. தையற்கடை மாடியில் ஒரு அறை. அந்த அறை கிடைப்பதற்குள் ஏழு வீட்டில் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர் என்ன என்று விசாரித்துவிட்டு, காலியில்லை என்று சொல்லியிருந்தார்கள். காலியில்லாத வீடுகளின் வாசலில் 'வாடகைக்கு' என்ற அட்டை மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

சங்கத்து வேலை சுலபமாகத்தான் இருந்தது. நெசவாளிக்குப் பட்டு நூலை, பாவு என்பார்கள், எடை போட்டுக் கொடுப்பார்கள். புடவையாக வந்ததும், ஜரிகை போக, மறுபடி எடை போடுவார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு சேதாரம் என்று தள்ளுவார்கள். அதற்குமேல் குறைந்தால் நூலைத் திருடிவிட்டான் என்று பொருள். காசைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதம் பாவு கொடுக்காமல் நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை பேர் கெட்டால் வெளி முதலாளியும் பாதிக் கூலிதான் பேசுவான். அந்தக் குறையை எழுதுகிற கை முனிரத்தினத்தின் கை. அதனாலோ, அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்பதாலோ, நெசவாளர்கள் அவனிடம் மரியாதையாகப் பேசிவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். இரண்டில் எது காரணம் என்று தெரிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய், வாலாஜாபாத் வண்டி வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். யாரையும் வழியனுப்பப் போகவில்லை, சும்மாதான்.

கலியன் ஒருத்தன்தான் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டான். முனிரத்தினத்தைவிடப் பத்து வயது மூத்தவன். விவசாயக் குடும்பத்தில் பிறந்து தறிக்கு வந்தவன், அதிகம் பேசமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் இவனைப் பார்த்துவிட்டு, வாப்பா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் பெண்டாட்டி அங்கம்மாள் கேள்வி எதுவும் கேட்காமல் இலை போட்டாள். அன்றைக்கு முனிரத்தினம் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கலியன் வீடு என்றாயிற்று. அண்ணா என்று கூப்பிட அந்த ஊரில் அவனுக்கு ஒரு ஆள் கிடைத்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகை மழையில் கலியன் மூன்று புடவைக்குப் பாவு வாங்கினான். வாங்கின கையோடு அங்கம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. இரண்டு மாதம் தறி சும்மா கிடந்தது. மூன்று புடவையும் முடிந்து சங்கத்துக்கு வந்தபோது பங்குனி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எடை போட்டார்கள். ஒன்றரைக் கிலோ பட்டில், சேதாரம் தள்ளி, ஐம்பத்தெட்டு கிராம் குறைந்தது.

செயலாளர் சீனிவாசன் கெட்டவரில்லை, கணக்கில் கறாரான மனிதர். எழுதுப்பா என்றார். முனிரத்தினத்துக்குப் பேனா ஓடவில்லை. கலியன் திருடமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, அவன் படித்த வேதியியல் பல வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தது. பட்டு ஈரத்தைக் குடிக்கும். மழையில் கனக்கும், வெயிலில் இளைக்கும். நூல் எங்கேயும் போகவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. சார், எனக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க, நிரூபிச்சுக் காட்டறேன் என்றான். சீனிவாசன், சரி, இப்போதைக்குப் பென்சிலில் எழுதிவை, கார்த்திகை வரைக்கும் பார்க்கலாம் என்றார்.

இதைச் சொல்ல முனிரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலியன் வீட்டுக்குப் பறந்தான். கலியன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம். கலியன் தறிக்குழியை விட்டு ஏறிவந்து, தோளைத் துடைத்துக்கொண்டு, "விட்டுடுபா. ஆறு மாசம் வெளிய நெய்ஞ்சுக்கறேன். இதப் போயி பெருசு பண்ணாத" என்றான்.

ஏழை பாழை எதிர்த்து நிற்கப் பயப்படுகிறான் என்று முனிரத்தினம் நினைத்துக்கொண்டான். இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம்தான் வருகிறது. ஏன் அண்ணா விடச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுக்குள் வேறொரு குஷி கிளம்பிவிட்டது.

இருநூற்றைம்பது கிராம் பட்டு நூலைச் செயலாளர் அனுமதியோடு வாங்கி, சங்கத்துச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினான். தினம் காலை பத்து மணிக்கு, ஜரிகை நிறுக்கும் சின்னத் தராசில் அதை நிறுத்தான். அக்கினி நட்சத்திரத்தில் இருநூற்று நாற்பத்தாறு. ஆடிக் காற்றில் இருநூற்று நாற்பத்தெட்டு. ஐப்பசி அடைமழையில் இருநூற்று ஐம்பத்தொன்பது. ஆணியை விட்டு நகராத நூல் அது. கல்லூரியை விட்டபிறகு இப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தடவையும் அந்த வார எடையைக் கலியனிடம் ஒப்பிப்பான். கலியன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சாப்பிடுபா, ஆறிடப் போவுது என்பான்.

கார்த்திகையில் இரண்டு தாளில் பட்டியல் எழுதினான். எந்த மாதம் வாங்கி எந்த மாதம் கொடுத்தால் எத்தனை கிராம் ஏறும், எத்தனை கிராம் இறங்கும் என்று கட்டம் கட்டமாக. அடியில் 'மு. முனிரத்தினம், பி.எஸ்ஸி.' என்று கையெழுத்துப் போட்டான். வேலைக்குச் சேர்ந்தபிறகு அந்தப் பட்டத்தை அவன் எழுதியது அதுதான் முதல் தடவை. சங்க இயக்குநர்கள் கூட்டத்தில் ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். கலியன் பேருக்கு நேரே இருந்த பென்சில் எழுத்தைச் சீனிவாசனே ரப்பரால் அழித்தார். பட்டியலின் பிரதி மேலதிகாரி அலுவலகத்துக்குப் போயிற்று. இனிமேல் இதன்படிதான் எடை என்று முடிவானது.

அதோடு நின்றிருந்தால் முனிரத்தினம் நெசவாளர் தெருவுக்கே வேண்டப்பட்டவனாகியிருப்பான். ஆனால் சீனிவாசன் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். மார்கழி பிறந்ததும் ஐந்து வருஷத்துப் பழைய பேரேடுகளை எடுத்து மேஜையில் அடுக்கச் சொன்னார். வெயிலில் வாங்கி மழையில் கொடுத்தவர்களுக்கு எடை ஏறியிருக்க வேண்டுமே, ஏறியிருக்கிறதா பார் என்றார். முனிரத்தினம் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். முதல் பேர், ஆனியில் வாங்கி ஐப்பசியில் கொடுத்திருந்தது, கொடுத்த எடைக்கும் வாங்கிய எடைக்கும் ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. இரண்டாவது பேரும் அப்படியே. மூன்றாவது பேருக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்தான். மழையில் ஐம்பது, அறுபது கிராம் கூட வரவேண்டிய இடத்தில் சரியாக வந்திருக்கிறது என்றால், அந்த ஐம்பது, அறுபது கிராம் நூல் வீட்டிலேயே நின்றுவிட்டது. மொத்தம் பதினாலு பேர். ஒன்பதாவது கலியன்.

வெயிலில் இத்தனை வருஷம் அநியாயமாகப் பிடித்த காசையும் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாமே சார் என்று செயலாளரிடம் கெஞ்சிப் பார்த்தான். பிடித்தது பிடித்ததுதான், ஆடிட் முடிந்த கணக்கைக் கிளறக் கூடாது என்றார் அவர். அப்படியென்றால் இதுவும் முடிந்த கணக்குதானே என்றான். அது குறை, இது திருட்டு என்றார். பதினாலு பேருக்கும் ஆறு மாதம் பாவு நிறுத்தம், மத்தியானத்துக்குள் எழுதி முடி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எட்டுப் பேரை எழுதினான். ஒன்பதாவதில் நின்றது கை. செயலாளர் பேர் பேராக ஒத்துப் பார்க்கப் போவதில்லை. விட்டுவிட்டால் தெரியாது. எட்டுப் பேரை எழுதிய அதே பேனாவால் இவனை மட்டும் எப்படித் தாண்டுவது என்றும் தோன்றியது. அவனுக்கென்று அந்த ஊரில் இருந்த ஒரே மனிதன் அந்த வரியில் இருந்தான்.

அப்போதுதான் கலியன் உள்ளே வந்தான். தெருவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. எதிர் நாற்காலியில் உட்காராமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபமாகப் பேசவில்லை.

"பட்டு தண்ணி குடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினியாபா? தறியில உக்கார்ற எல்லாருக்கும் தெரியும். வெயில்ல கொறஞ்சத கையிலேர்ந்து கட்டுவோம். மழையில ஒரு கை நூல் எடுத்துக்குவோம். அதுக்கும் இதுக்கும் சரியாப் பூடும். ஒரு பக்கத்த மட்டும் எப்படி வாயத் தொறந்து சொல்றது? சொன்னா ரெண்டும் வெளிய வந்துடும் இல்ல. அதனாலதான் விட்டுடுன்னேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணா."

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ கணக்கு எழுதறவன். தெரிஞ்சா மறைக்கணும், இல்லன்னா எழுதணும். ரெண்டுல எத நீ செஞ்சாலும் உனக்குச் சோறு எறங்குமா? தெரியாம இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன்."

முனிரத்தினத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். உங்க பேரை நான் எழுதலண்ணா என்றான். கலியன் பேரேட்டை எட்டிப் பார்த்தான். எழுதிய எட்டு வரியையும், எழுதாத இடத்தையும் பார்த்தான்.

"விடாத. எங்கூட்டுல வந்து துன்றவன் நீ. எம்பேர மட்டும் விட்டின்னா, நான்தான் உனக்கு எல்லாத்தயும் காட்டிக் குடுத்தேன்னு சொல்லுவாங்க. நான் இந்தத் தெருவுலதான் இருக்கணும். எழுது, நான் நிக்கும்போதே எழுது."

முனிரத்தினம் எழுதினான். 'கலியன், ஐம்பத்து மூன்று கிராம், ஆறு மாதம் நிறுத்தம்.' நெசவாளி கையெழுத்துக்கான கட்டத்தில், கேட்காமலே, கலியன் நிதானமாகத் தன் பேரைப் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இனிமே ஞாயித்துக்கிழமை வராதப்பா, நல்லா இருக்காது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அந்த வருஷம் முனிரத்தினத்துக்குச் சம்பளத்தில் பதினைந்து ரூபாய் கூட்டினார்கள். பிறகு எட்டு வருஷம் அந்தச் சங்கத்திலேயே வேலை பார்த்தான். ஒரு கிராம் பிசகாத கணக்கு என்று மேலதிகாரிகள் மெச்சினார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் அவன் போகவில்லை.